காப்பி ஆகுமானதா? 16ஆம் நூற்றாண்டின் ஒரு மார்க்க வழக்கு

இஸ்லாமிய மார்க்கச் சட்டம் உணவு, பானம் ஆகியவற்றில் பெயர் சொல்லி விலக்கியவை சிலவே. தானாகச் செத்த பிராணி, ஓடும் இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரால் அறுக்கப்பட்டது, மது ஆகியவற்றைத் திருக்குர்ஆன் வெளிப்படையாகத் தடுத்துள்ளது. வேறு சிலவற்றை நபிமொழிகள் தடுத்துள்ளன. எஞ்சிய எண்ணற்ற பொருள்களின் நிலையை இந்த மூலங்களிலிருந்து பெறப்படும் பொது விதிகளைக் கொண்டு அறிஞர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்துக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்குப் பின் அரபு நாட்டில் காப்பி பரவியபோது இத்தகைய ஆராய்ச்சி தேவைப்பட்டது. திருக்குர்ஆனிலோ ஹதீஸிலோ அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான்கு மத்ஹபுகளின், அதாவது நான்கு சட்டப் பள்ளிகளின், மூத்த இமாம்கள் எவரும் அதைப் பருகியதில்லை. அப்படியிருந்தும் அது ஆகுமானதா, விலக்கப்பட்டதா என்னும் வழக்கு மக்காவிலும் கெய்ரோவிலும் இஸ்தான்புல்லிலும் நூறாண்டுகளுக்கு மேல் நடந்தது. இன்று வீடுதோறும் விடியற்காலையில் மணக்கும் ஒரு பானத்தின் பேரில் இத்தனை வாதம் நடந்ததா என்று வியப்பதைவிட, அந்த வாதத்தில் எந்த வகை ஆதாரம் ஏற்கப்பட்டது, எந்த வகை ஆதாரம் தள்ளப்பட்டது என்று பார்ப்பதே பயனுள்ளது. பழக்கமில்லாத ஒன்றின் மேல் எழும் ஐயமே அதை ஹராமாக்கப் போதுமா என்பதே அந்த வழக்கின் உள்ளீடு.

வழக்கை விளங்கிக்கொள்ளச் சில அடிப்படை விதிகளை அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, பொருள்கள் யாவும் அடிப்படையில் ஆகுமானவை என்னும் விதி. பூமியில் உள்ளவை அனைத்தும் மனிதருக்காகவே படைக்கப்பட்டன என்று சொல்லும் வசனத்தை (2:29) பெரும்பாலான சட்ட அறிஞர்கள் இதற்கு ஆதாரமாகக் கொள்வர். இதன்படி ஒரு பொருளை உண்பவர் அது ஹலால் என்று நிறுவ வேண்டியதில்லை. அதை ஹராம் என்று சொல்பவரே ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர். இரண்டாவது, நாவில் வந்தபடி இது ஆகும், இது ஆகாது என்று கூறி இறைவன் மீது பொய் புனைவதைத் திருக்குர்ஆன் கண்டித்திருப்பது (16:116). தடுக்கப்பட்டதை ஆகுமாக்குவதும், ஆகுமானதைத் தடுப்பதும் இந்தக் கண்டனத்தில் சமமாகவே அடங்குகின்றன. மூன்றாவது, உறுதியாகத் தெரிந்த ஒன்று வெறும் ஐயத்தால் நீங்கிவிடாது என்னும் விதி. நான்காவது, பிறருக்கும் தனக்கும் தீங்கிழைக்கலாகாது என்னும் நபிமொழியிலிருந்து பெறப்படும் விதி. உடலுக்குக் கேடு விளைவிப்பது உறுதியான பொருள், போதை தராவிடினும் விலக்குக்கு உரியதாகும்.

மது பற்றிய சட்டம் இந்த வழக்கில் தனி இடம் பெறுகிறது. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவை முற்றாக விலக்கி, பகையையும் வெறுப்பையும் மூட்டுவதும் இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுப்பதும் அதன் கேடுகள் என்று காரணமும் கூறுகின்றன. போதை தரும் ஒவ்வொன்றும் மதுவே, அது எதுவாயினும் ஹராம் என்பதும், மிகுதியாகக் குடித்தால் போதை தருவதன் சிறிதளவும் ஹராம் என்பதும் நபிமொழிகளின் கருத்து. இந்த நபிமொழிகளைக் கொண்டு மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி ஆகிய மூன்று மத்ஹபுகளும் எந்த மூலப்பொருளிலிருந்து எடுத்ததாயினும் போதை தரும் பானத்தின் ஒரு துளியும் கூடாது என்று முடிவு செய்தன. இமாம் அபூஹனீஃபாவும் அவர் மாணவர் அபூயூசுஃபும் திராட்சை மதுவுக்கும் பிற சில பானங்களுக்கும் இடையே வேறுபாடு கண்டனர். ஆயினும் இன்னொரு மாணவரான முஹம்மது அஷ்ஷைபானி மற்ற மூன்று மத்ஹபுகளின் கருத்தையே கொண்டிருந்தார். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் அவர் கூற்றின்படியே தீர்ப்பு வழங்கிவந்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது, சட்டம் பானத்தின் தன்மையைப் பார்க்கிறதே தவிர அதன் பெயரையோ தோற்றத்தையோ அன்று என்பது. பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ தண்ணீரில் ஊறவைத்த நபீத் என்னும் பானத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பருகியதும், நாள்கள் கடந்தபின் அதைத் தவிர்த்ததும் ஹதீஸ்களில் உள்ளன. ஒரே பாத்திரத்தில் இருக்கும் அதே நீர், காலையில் ஊறவைத்து மாலையில் குடிக்கும்போது ஆகுமானது. நொதித்துப் போதை ஏறிய பின் விலக்கப்பட்டது. அதுவே மேலும் மாறித் தானாகக் காடியாகிவிட்டால் மீண்டும் ஆகுமானது. தன்மை மாறினால் சட்டமும் மாறும் என்பதே இதன் அடிப்படை.

காப்பி முதலில் பரவியது ஏமன் நாட்டு சூஃபியரிடையே. ஏதனைச் சேர்ந்த முஹம்மது அத்தப்ஹானி என்னும் சூஃபி அறிஞர் 15ஆம் நூற்றாண்டில் அதை அங்கே வழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு மரபும், மோக்கா நகரின் அலீ இப்னு உமர் அஷ்ஷாதிலியே அதற்குக் காரணர் என்று இன்னொரு மரபும் கூறுகின்றன. இரவில் நெடுநேரம் விழித்திருந்து திக்ர் செய்வதற்கு, அதாவது இறைவன் பெயரை ஓதி நினைவுகூர்வதற்கு, உறக்கத்தைப் போக்கும் துணையாக அவர்கள் அதைக் கொண்டனர். கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலை அடுத்து ஏமன் நாட்டார் தங்கிய பகுதியில் நடந்த கூட்டத்தைப் பற்றிய ஒரு குறிப்பு இன்றும் கிடைக்கிறது. சிவந்த மண்ணால் செய்த பெரிய பாத்திரத்தில் காப்பி வைக்கப்பட்டிருக்கும்; கூட்டத்தின் தலைவர் சிறிய அகப்பையால் அதை மொண்டு வலப்புறமிருந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்துவருவார்; பருகுவோர் இறைவனின் திருநாமங்களை இடைவிடாது ஓதிக்கொண்டிருப்பர். இந்தப் பானத்தை எதிர்த்தவர்கள் அதை வழிபாட்டுக்கு எதிரானது என்று குற்றம் சாட்டியபோது, அது பிறந்து வளர்ந்ததே வழிபாட்டு அவையில்தான் என்னும் உண்மை அவர்களுக்கு எதிராக நின்றது.

வழக்கு வெளிப்படையாக எழுந்தது 1511ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மக்காவில். மம்லூக் சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நகரில் காயிர் பெய்க் என்பவர் முஹ்தஸிபாக இருந்தார். சந்தையின் ஒழுங்கையும் பொது இடங்களின் நல்லொழுக்கத்தையும் காக்கும் அதிகாரியை முஹ்தஸிப் என்பர். ஓரிரவு புனிதப் பள்ளிவாசலின் ஓரத்தில் சிலர் விளக்கு வைத்துக்கொண்டு கூடியிருப்பதையும், அவர் நெருங்கியதும் விளக்கை அணைத்ததையும், மது அருந்துவோரைப் போலக் கிண்ணத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக் குடித்ததையும் கண்டு அவர் ஐயுற்றார். மறுநாள் காழிகளையும், அதாவது மார்க்க நீதிபதிகளையும், அறிஞர்களையும் கூட்டி அவர்கள் முன் காப்பியை வைத்துத் தீர்ப்புக் கேட்டார்.

அந்த அவையின் முடிவு இரு பகுதிகளாக இருந்தது. காப்பிக் கடைகளில் இசையும் சூதாட்டமும் கலந்து நடந்த கூட்டங்கள் தவறானவை என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஆனால் பானத்தைப் பொறுத்தவரையில், பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவை என்னும் விதியே அதற்கும் பொருந்தும் என்றும், உடலுக்கோ அறிவுக்கோ கேடு விளைகிறதா என்பதை மருத்துவர்களே சொல்ல வேண்டும் என்றும் அறிஞர்கள் கூறினர். இதுவரை அந்த அவை சரியான வழியிலேயே சென்றது என்று சொல்ல வேண்டும். அதன் பின் அழைக்கப்பட்ட இரண்டு மருத்துவச் சகோதரர்கள், அந்நாளைய மருத்துவக் கோட்பாட்டின்படி காப்பி குளிர்ச்சியும் வறட்சியும் உடையது, உடலின் சமநிலையைக் கெடுப்பது என்று சான்று கூறினர். அங்கிருந்த ஒருவர் தாம் குடித்துப் பார்த்ததாகவும் மதுவைப் போலவே அது மயக்கியதாகவும் சொன்னார். மதுவோடு ஒப்பிட்டதால் அவர் மதுவை அறிந்தவர் என்பது அவர் வாயாலேயே வெளிப்பட்டுத் தண்டனைக்கு உள்ளானார். இத்தகைய சான்றுகளின் மேல் எழுப்பிய தடையாணை மக்காவில் பறைசாற்றப்பட்டது, காப்பிக்கொட்டைகள் கொளுத்தப்பட்டன, விற்றவர்கள் அடிபட்டனர்.

இந்தத் தடை குறித்துக் கெய்ரோவிலிருந்த மம்லூக் சுல்தான் கான்ஸூஹ் அல்கௌரியிடமிருந்து வந்த ஆணையோ காயிர் பெய்க் எதிர்பார்த்தபடி அமையவில்லை. காப்பியைச் சாக்காக வைத்துக் கூடித் தகாதன செய்வதை அது தடுத்ததே ஒழிய, பானத்தை ஹராம் என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு காயிர் பெய்க் பதவியிலிருந்து நீங்க, மக்காவில் காப்பி மீண்டும் வெளிப்படையாகப் பருகப்பட்டது. பானம் வேறு, அதைச் சுற்றி நடக்கும் செயல் வேறு என்னும் பாகுபாடு, நுட்பமான சட்ட நூலொன்றில் வராமல், ஓர் அரசாணையிலேயே வெளிப்பட்டது இந்த வரலாற்றின் சிறப்புகளுள் ஒன்று.

ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. கெய்ரோவில் 1530களில் அஹ்மது அஸ்ஸுன்பாத்தி என்னும் போதகர் காப்பியை ஹராம் என்று உரையாற்ற, அதைக் கேட்டுக் கிளர்ந்தெழுந்த கூட்டம் காப்பிக் கடைகளைத் தாக்கிப் பாத்திரங்களை உடைத்தது. நகரம் இரண்டுபட்டது. வழக்கு முஹம்மது இப்னு இல்யாஸ் என்னும் ஹனஃபி காழியிடம் வந்தது. அவர் அறிஞர்களின் கருத்தைக் கேட்டறிந்ததோடு நிற்கவில்லை. தம் வீட்டிலேயே காப்பி காய்ச்சச் செய்து, ஒரு குழுவினரைத் தம் முன் அமர்த்திக் குடிக்கச் செய்தார். பின்னர் அந்நாளின் பெரும்பகுதியும் அவர்களோடு பேசிக்கொண்டே இருந்தார். பேச்சில் குழறல் உண்டா, அறிவில் தடுமாற்றம் உண்டா, நடத்தையில் மாற்றம் உண்டா என்று கவனித்து, எதுவும் இல்லை என்று கண்ட பின்னரே அது ஆகுமானது என்று உறுதிப்படுத்தினார். இந்தச் செய்திகளையெல்லாம் 1558 வாக்கில் காப்பியின் ஆகுமையை நிலைநாட்டி எழுதிய நூலில் அப்துல் காதிர் அல்ஜஸீரி என்னும் ஹன்பலி அறிஞர் தொகுத்து வைத்தார்.

மக்காவின் அவையையும் கெய்ரோ காழியின் வீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். முன்னதில் தீர்ப்பு முன்கூட்டியே விரும்பப்பட்டது, சான்று அதற்கேற்பத் தேடப்பட்டது. பின்னதில் சான்று முதலில் வந்தது, தீர்ப்பு அதைப் பின்பற்றியது. போதை என்பது அறிவை மறைக்கும் நிலை. அந்த நிலை உண்டாகிறதா என்பது கண்ணால் காணத்தக்க உண்மை. காணத்தக்க உண்மையை வாதத்தால் முடிவு செய்ய முயல்வதைவிடக் கண்டு முடிவு செய்வதே நேர்மை. காப்பியிலுள்ள காஃபீன் உறக்கத்தைப் போக்கி விழிப்பைக் கூட்டுகிறதே அன்றி அறிவை மறைப்பதில்லை என்று பின்னாளைய அறிவியல் கூறுவது அந்தக் காழி தம் கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகிறது.

இஸ்தான்புல்லில் வாதம் வேறு வடிவம் எடுத்தது. அலெப்போ, டமாஸ்கஸ் நகரங்களிலிருந்து வந்த இருவர் 1550களின் நடுவில் அங்கே காப்பிக் கடைகளைத் திறந்தனர் என்று உதுமானிய வரலாற்றாசிரியர் பெச்சேவி எழுதுகிறார். கரியாகும் அளவுக்குக் கருக்கப்பட்டதை உண்ணலாகாது, காப்பிக்கொட்டையும் அவ்வாறு வறுக்கப்படுவதே என்று அங்கே ஒரு புதிய காரணம் சொல்லப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைமை முஃப்தியாக, அதாவது மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தலைமை அறிஞராக, இருந்த புஸ்தான்ஸாதா மெஹ்மது எஃபெண்டி, கொட்டை வறுபடுகிறதே ஒழியக் கரியாவதில்லை என்று கூறி அதை ஏற்க மறுத்தார். 1633இல் சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளையும் புகையிலையையும் கடுந்தண்டனையோடு தடை செய்தார். மக்கள் ஓரிடத்தில் கூடி ஆட்சியைப் பற்றிப் பேசுவது குறித்த அச்சம் அந்தத் தடையில் கலந்திருந்தது. அரசின் அச்சம் மார்க்கத்தின் ஆதாரம் ஆகாது என்பதைக் காலமே காட்டியது. தடை நீங்கியது, காப்பி நிலைத்தது.

இந்த வாதங்களில் ஒன்று மட்டும் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. தீமைக்கு இட்டுச் செல்லும் வழியை அடைத்தல் என்னும் விதி இஸ்லாமியச் சட்டத்தில் உண்டு. காப்பிக் கடையில் சூதாட்டம் நடந்தால், தொழுகை நேரம் அங்கே வீணானால், அந்தக் கூடுகையைத் தடுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் கடையின் குற்றத்தைக் கொட்டையின் மேல் ஏற்றினால், அதை வீட்டில் குடும்பத்தோடு பருகுபவனும் இரவுத் தொழுகைக்கு விழித்திருக்கப் பருகுபவனும் குற்றவாளிகளாகிவிடுவர். இதனால்தான் ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள், வழிமுறைகள் தம் நோக்கங்களின் சட்டத்தையே பெறும் என்னும் விதியைக் காப்பிக்கும் பொருத்தினர். வணக்கத்துக்கு வலிமை பெறப் பருகினால் அது நன்மையில் சேரும்; வெறும் சுவைக்காகப் பருகினால் முபாஹ், அதாவது செய்தாலும் விட்டாலும் நன்மையோ குற்றமோ இல்லாதது; தன் உடலுக்குக் கேடு செய்கிறது என்று ஒருவருக்கு உறுதியாகத் தெரிந்தால் அவரளவில் அது விலக்குக்கு உரியது. ஆரோக்கியமான வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராம் வரையும் காஃபீன் பாதுகாப்பானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் தெரிவித்த அளவு, தீங்கு பற்றிய விதியை இன்றைய காப்பிக்கும் காஃபீன் மிகுந்த ஊக்கப் பானங்களுக்கும் பொருத்த விரும்புவோர்க்குக் கைகொடுக்கும்.

வழக்கு தீர்ந்த பின்னும் காப்பி புதிய கேள்வியோடு ஒருமுறை திரும்பி வந்தது. இந்தோனேசியாவில் மரநாய் தின்ற காப்பிப் பழத்தின் கொட்டை செரிக்காமல் எச்சத்தோடு வெளிவர, அதைப் பொறுக்கிக் கழுவி வறுத்து லுவாக் காப்பி என்று விற்கின்றனர். அருவருப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டால் ஹராம் என்று சொல்வது எளிது. அந்நாட்டு உலமா சபை 2010இல் வழங்கிய ஃபத்வாவில், அதாவது மார்க்கத் தீர்ப்பில், அவ்வாறு சொல்லவில்லை. கொட்டை அதன் கெட்டியான தோலால் மூடியிருக்கிறதா, விதைத்தால் முளைக்குமா என்ற இரண்டையும் அது கேட்டது. பிராணியின் வயிற்றிலிருந்து வெளிவந்த தானியம் முளைக்கும் தன்மை கெடாமல் இருந்தால், அது தன்னளவில் நஜிஸ் என்னும் அசுத்தப் பொருள் ஆகாது, அசுத்தம் பட்ட பொருளே ஆகும், கழுவினால் தூய்மையாகும் என்பது பழைய ஷாஃபிஈ நூல்களில் உள்ள விதி. அந்த விதியின்படி, கழுவிய பின் லுவாக் காப்பி ஆகுமானது என்று சபை தீர்ப்பளித்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பின்பற்றுவதும் இதே ஷாஃபிஈ மத்ஹபே ஆதலால் இந்த ஆராய்ச்சி அவர்களுக்கும் அயலானதன்று. தென்னிந்தியாவுக்குக் காப்பி வந்ததையே ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புடான் என்னும் சூஃபியோடு மரபு இணைத்துப் பேசுகிறது; சிக்கமகளூரை அடுத்த மலை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இன்று கடைகளில் நிறையும் புதிய பானங்களுக்கும் இதே நெறி உதவுகிறது. பழச்சாற்றில் இயல்பாகவே நுண்ணளவு ஆல்கஹால் உண்டாகலாம்; சுவையூட்டியைக் கரைக்கச் சிறிதளவு சேர்க்கப்படலாம். மது தயாரிக்கும் நோக்கமோ முறையோ இன்றிச் செய்யப்பட்ட மென்பானத்தில் ஆல்கஹால் 1 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் ஆகும் என்று மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 2011இல் முடிவு செய்தது. மதுவிலிருந்து பெறப்படாத ஆல்கஹாலுக்கு 0.5 விழுக்காட்டை எல்லையாக இந்தோனேசிய உலமா சபை 2018இல் வகுத்தது. இரண்டு எல்லைகளும் வேறுபட்டாலும் இரண்டும் கேட்ட கேள்வி ஒன்றே: மிகுதியாகக் குடித்தாலும் போதை தராத இந்தப் பானம், மதுவாகச் செய்யப்பட்டதா, அல்லவா? மதுவாகவே வடிக்கப்பட்ட ஒன்றின் ஒரு துளியையும் இவை ஆகுமாக்கவில்லை.

ஆகவே காப்பியைப் பற்றிய தீர்ப்பு இதுதான்: அது அடிப்படையில் ஆகுமானது, அதை விலக்கச் சொன்ன காரணங்களில் போதை பொய்யென நிரூபிக்கப்பட்டது, கருகல் தவறென அறியப்பட்டது, தீய கூடுகை பானத்தைச் சாராதது, உடற்கேடு அளவையும் ஆளையும் பொறுத்தது. பேணுதலுக்காக ஐயமுள்ளதை ஒருவர் தம்மளவில் தவிர்த்துக்கொள்வது பாராட்டத்தக்கது. அந்தப் பேணுதலையே சட்டமாக்கிப் பிறர் தட்டிலும் கிண்ணத்திலும் கைவைப்பது அன்று. புதிய உணவோ பானமோ எதிர்ப்படும்போது ஹராம் என்னும் சொல்லை உச்சரிக்குமுன் ஆதாரத்தைத் தேடுவதும், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதும், கண்டறியத்தக்கதைக் கண்டறிவதும் ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் உள்ள பொறுப்பு. ஹலாலை ஹராமாக்குவதும் ஹராமை ஹலாலாக்குவதைப் போன்றே பெருங்குற்றம்.